ஏசிஎல் ஆபரேஷன்: மாசக் கணக்கை விடுங்க, தொடை பலத்தைப் பாருங்க!

“ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. வலி இல்ல, நல்லா ஓடுறேன். இனி கபடி ஆடலாம்ல?” முட்டி ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. கேள்வியே தப்பு என்பேன்.

கிழிந்த ஏசிஎல் ஜவ்வுக்குப் பதிலாக, பெரும்பாலும் நம் உடம்பிலிருந்தே எடுத்த தசைநாரைத்தான் டாக்டர்கள் பொருத்துகிறார்கள். அது ஜவ்வாகவே மாறிப் பலம் பெற பல மாதங்கள் பிடிக்கும். வலி அதற்கு ரொம்ப முன்னாடியே போய்விடும். சிக்கலே அங்கதான்.

இன்னொரு பக்கம், தொடையின் முன்தசை. முட்டியில் அடிபட்டு வீங்கியதும், இந்தத் தசையை முழுசா இயக்கவிடாமல் நரம்பு மண்டலமே பிரேக் போடுகிறது. தொடை இளைத்துப்போவது கண்ணுக்கே தெரியும். குதித்து இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்க வேண்டியது இந்தத் தசை. இது பலவீனமாக இருந்தால் இறங்குற விதமே மாறிப்போய், முட்டிக்குச் சிக்கல்.

2016-ல் வெளியான டெலாவேர்-ஆஸ்லோ ஆய்வு 106 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. தசை பலம், ஒற்றைக்காலில் தாவுவது போன்ற சோதனைகளில் தேறாமல் களத்துக்குத் திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு முட்டியில் மறுபடி காயம். தேறியவர்களில் 5.6 சதவீதம்தான். ஒன்பது மாதம் வரை, தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் இந்த இடைவெளியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆக, ஒன்பது மாதம் காத்திருந்தால் மட்டும் போதாது. அடிபட்ட காலின் பலம் நல்ல காலின் பலத்தில் குறைந்தது 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வு வைத்த அளவுகோல். இதிலும் ஒரு பொறி உண்டு: மாதக்கணக்கில் ஆடாததால் நல்ல காலும் இளைத்திருக்கும். இரண்டும் சமம்னு சந்தோஷப்பட்டால், இரண்டுமே பலவீனமா இருக்கலாம்.

ஆபரேஷனுக்குக் கடன் வாங்கியாவது செலவழிக்கிற நம்ம ஊரில், பிசியோதெரபியை இரண்டு மாசத்தில் நிறுத்திவிடுகிறோம். டோர்னமென்ட் தேதி நெருங்கினால் பயிற்சியாளர், நண்பர்கள், ஏன் அப்பாவே “இறங்குடா” என்பார். அடுத்த முறை பிசியோவிடம் போகும்போது, “எத்தனை மாசம்?” என்று கேட்காமல், “என் தொடை பலத்தை அளந்து சொல்லுங்க” என்று கேளுங்கள். கையால் அழுத்திப் பார்த்து “நல்லாருக்கு” என்றால் விட்டுடாதீங்க, எண்ணாகவே கேட்டு வாங்குங்க.