செத்தவீட்டுக்கு முந்திய நாட்கள்

விசுவமடுவிலோ மல்லாவியிலோ ஒருவர் கண்மூடினால், கொஞ்ச நேரத்தில் லான்ட்மாஸ்டரில் கதிரைகள் வந்து இறங்கிவிடும். சனசமூக நிலையப் பொடியள் தகரப்பந்தல் போடுவார்கள். அயல்வீட்டில் தேத்தண்ணி கொதிக்கும். மரண சகாய சங்கத்துக் காசு கைக்கு வரும். செத்தவீட்டைத் தோளில் தாங்குவதில் வன்னி ஊர்கள் ஒருநாளும் குறைவைத்ததில்லை. ஆனால் அதற்கு முந்திய மாதங்களில், அந்த வீட்டில் விடிய விடிய விளக்கு எரிந்தபோது எங்களில் யார் போனோம்?

சாவு என்றதும் எங்கள் சனத்துக்கு முதலில் நினைவில் வருவது 2009 இன் இறுதிப்போர். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் ஒரு வாய் தண்ணி பருக்க ஆளில்லாமல் போன உயிர்கள்; புதைக்கவும் நேரமின்றி விட்டுவந்த உடல்கள். அதைப் பார்த்தவர் இன்று படுக்கையில் விழுந்தால், நோவைவிடத் தனிமைக்கே அதிகம் பயப்படுகிறார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டம் தொடங்கிய தாய் தகப்பன்மாரில் பலர் பதில் கிடைக்காமலே போய்விட்டார்கள். ‘நான் கண்மூடினால் பிள்ளையை ஆர் தேடுறது?’ என்ற கேள்விக்கு எந்த வைத்தியசாலையிலும் மருந்தில்லை. பக்கத்தில் இருந்து கேட்க ஒருவராவது வேண்டும்.

இயல்பான சாவு எப்படி வரும் என்பதையும் நாம் வெளிப்படையாகக் கதைக்க வேண்டும். சாப்பாடு வெறுக்கும், நித்திரை கூடும், கைகால் குளிரும், மூச்சு நின்று நின்று வரும். சேடம் இழுக்கும் சத்தம் பார்த்திருப்பவரை உலுக்கும். நோயாளி பெரும்பாலும் அதை உணரும் நிலையில் இருப்பதில்லை என்றே வைத்தியர்கள் கருதுகிறார்கள். விழுங்க முடியாதவருக்கு ஆசைக்குப் பால் பருக்கினால் புரையேறும். சொண்டை நனைத்துவிட்டால் போதும். கதைப்பதை மட்டும் நிறுத்தவேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகம் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், நினைவு தப்பிக் கடைசி மணித்தியாலங்களில் கிடந்த சிலரின் மூளை ஒலிக்கு இன்னும் எதிர்வினை காட்டியது. தலைமாட்டில் இருந்து சண்டை பிடிப்பவர்கள் இதை அறியவேண்டும்.

நோவைத் தணிக்க மருந்துண்டு. வைத்தியர் அளவறிந்து தரும் மோர்பின் சாவைக் கெதிப்படுத்தாது. ஆனால் முல்லைத்தீவில் இருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு தூரம் பஸ்ஸில் குந்தியிருக்க நோயாளியின் உடம்பால் இயலாது. ஒரு குடும்பத்தால் தனியே சுமக்கக்கூடிய பாரமில்லை இது. ஊர் சேர்ந்தால் சுமக்கலாம்.

கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டு மருத்துவர்கள் சிலர் தொடங்கிய நோவு தணிக்கும் பராமரிப்புப் பணியை, பிறகு மலப்புறத்து அயலவர்களும் மாணவர்களும் பயிற்சி எடுத்துத் தங்கள் கையில் ஏற்றார்கள். ஊரவர் போட்ட சில்லறைக் காசில் அது வளர்ந்தது. 2008 இல் அரசே அதைத் தன் கொள்கையாக்கியது.

எங்களுக்கு ஏற்கெனவே மரண சகாய சங்கம் இருக்கிறது. செத்தபின் கொடுக்கும் காசில் ஒரு பங்கை முன்னதாகவே காற்று மெத்தைக்கும் வாகனக் கூலிக்கும் ஒதுக்கலாம். புண் துடைக்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் பத்துப் பேருக்குப் பழக்கித் தரும்படி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேட்கலாம். கோவிலும் தேவாலயமும் இராக்காவலுக்கு முறை போடலாம், பராமரிக்கும் மகள் ஓர் இரவாவது நித்திரை கொள்ள. அடுத்த சங்கக் கூட்டத்தில் கணக்கறிக்கைக்கு முன் இதைக் கேளுங்கள்: எங்கள் ஒழுங்கையில் இப்போது படுக்கையில் இருப்பது யார், இன்றிரவு அவரோடு இருக்கப்போவது யார்?