கடைமடைக்கும் ஒரு தேதி சொல்லுங்க!

காலேஜ்ல யாராவது "எந்த ஊரு?"ன்னு கேட்டா "அறந்தாங்கி"ன்னு சொல்வேன். உடனே பதில் வரும்: "புதுக்கோட்டைப் பக்கமா? வறண்ட பூமியாச்சே!" இதை ஒரு தஞ்சாவூர்க்காரன் சொன்னாக்கூடப் பரவாயில்லை. புதுக்கோட்டை டவுன்காரனே சொல்றான் பாருங்க, அங்கதான் கடுப்பாகுது.

கொஞ்சம் பழைய கதை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்தது. அறந்தாங்கி அந்த சமஸ்தானத்திலேயே இல்லை, தஞ்சாவூர் ஜில்லா. 1974 ஜனவரி 14-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானப்பதான் நாங்க இந்தப் பக்கம் வந்தோம். மாவட்டம் மாறிச்சு, தண்ணி வர்ற வழி மாறலை. மேட்டூர் அணையை ஒட்டி 1930-களில் வெட்டின கல்லணைக் கால்வாய் சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, மேற்பனைக்காடு, நாகுடின்னு வந்து, மும்பாலை ஏரியில் முடியுது. அதைத் தாண்டினா மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அப்புறம் கடல். வயல்லேருந்து நெல்லும் கடல்லேருந்து மீனும் வந்து சேர்ற ஊர் எங்க ஊர். பஸ் மாறுறதுக்கு மட்டும் இருக்கிற ஊர் இல்லை சார்!

2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தப்போ அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களையும் சேர்த்தாங்க. ஆக, சட்டப் புத்தகத்தில் நாங்க டெல்டா. மதகில்?

மேட்டூர் திறக்கிற நாள் ஊருக்கே தெரியும். வழக்கமான தேதி ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தாங்க; 2024-ல் அணையில் தண்ணி இல்லாம ஜூலை 28 ஆச்சு. பூ தூவுற போட்டோ எல்லா பேப்பரிலும் வரும். சரி, மும்பாலைக்குத் தண்ணி என்னைக்கு வந்தது? இதை முதல் பக்கத்தில் படிச்சிருக்கீங்களா? நான் படிச்சதில்லை.

பி.காம் படிக்கிறவன் புத்தி எனக்கு. ஆரம்ப இருப்பை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிட்டு இறுதி இருப்பை எழுதாத கணக்கை எங்க வாத்தியார் திருத்தவே மாட்டார், தூக்கி எறிவார். காவிரிக் கணக்கு மட்டும் வருஷா வருஷம் பாஸாகுது.

"மழை இல்லைன்னா கடைமடைக்கு எங்கேருந்து தர்றது?"ன்னு கேப்பீங்க. நியாயம். இல்லாத தண்ணியை யாரும் கேக்கலை. இருக்கிற தண்ணி எந்த மதகில் எவ்வளவு போச்சு, கடைசியில் எவ்வளவு வந்ததுன்னுதான் கேக்குறோம். அது தெரியாததாலதான் இங்கே நேரடியா விதைச்சுட்டு ஐப்பசி மழையை நம்பி வானத்தைப் பார்க்கிறாங்க.

2021 பிப்ரவரி 14-ல் கல்லணைக் கால்வாயைச் சீரமைக்க சுமார் 2,640 கோடி ரூபாய் திட்டத்துக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தரையில் கான்கிரீட் போட்டா நிலத்தடி நீர் ஊறாதுன்னு தஞ்சாவூர்ப் பக்க விவசாயிகள் எதிர்த்தாங்க. அவங்க பயம் நியாயமானது. "கடைமடைக்குச் சீக்கிரம் தண்ணி போகும்"ங்கிறது அரசாங்கத்தோட பதில். எங்க பேரைச் சொல்லித்தானே செலவு பண்றீங்க? அப்போ எங்க இடத்தில் அளந்து காட்டுங்க. அளக்காம ரெண்டு பக்கமும் எங்களை வச்சு வாதாடுறது என்ன நியாயம்?

எங்க மேலயும் தப்பு இருக்கு, ஒத்துக்கறேன். கால்வாய் வர்றதுக்கு முன்னாடி கண்மாயும் ஏரியும்தான் இந்தப் பக்கம் சோறு போட்டுச்சு. இப்போ பல கண்மாய்களில் தண்ணியைவிட சீமைக்கருவேலம் அதிகம். வர்ற தண்ணியைப் பிடிச்சு வைக்க இடம் இல்லாம தண்ணி வரலைன்னு கத்துறதும் அரைக் கணக்குதான்.

கேக்குறது பெருசா ஒண்ணுமில்லை. மேட்டூர் திறக்கிற அன்னைக்கே, மும்பாலைக்குத் தண்ணி சேர வேண்டிய தேதியையும் அறிவிங்க. சேர்ந்த அன்னைக்கு அதையும் சொல்லுங்க. தப்பினா ஏன்னு சொல்லுங்க. பூ தூவ ஆள் வேணும்னா நாங்களே வர்றோம் :)

அதுவரைக்கும் எங்க ஊரை வறண்ட பூமின்னு சொல்லாதீங்க. வறட்சி வேற, வரிசையில் கடைசியா நிக்கிறது வேற.