மரத்தில் தொங்கும் கொள்கை முடிவு

பெங்களூரில் வீட்டு இணையம் என்றால் ஒரு காலத்தில் பெரும்பாலும் பிஎஸ்என்எல் தொலைபேசிக் கம்பிதான். 2005 ஜனவரியில் ‘டேட்டாஒன்’ வந்தபோது விநாடிக்கு 256 கிலோபிட் வேகமே பெரிய விஷயம். மாத வரம்பைத் தாண்டினால் பில் எகிறிவிடும் என்பதால், பயன்பாடு கணக்கில் சேராத அதிகாலை 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து தரவிறக்கம் செய்தவர்கள் ஏராளம். இன்று அந்த வீடுகள் தொலைபேசிக் கம்பிவழி இணையமான டிஎஸ்எல்லைக் கைவிட்டு, கேபிள் வழி அகலக்கற்றைக்கோ ஃபைபருக்கோ மாறிவிட்டன. வேகம் நூறு மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. வாடிக்கையாளரின் தேர்வுரிமை மட்டும் அந்த அளவுக்குக் கூடவில்லை. நாடு தழுவிய ஒரே நிறுவனத்தின் பிடியிலிருந்து விடுபட்டவர்கள், தெருவுக்கு ஒன்று, அடுக்ககத்துக்கு ஒன்று எனச் சின்னச் சின்ன ஏகபோகங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதன் வேர் 2004இல் டெல்லியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவில் இருக்கிறது.

செம்புக் கம்பியின் எல்லை

டிஎஸ்எல்லைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஏற்கெனவே வீட்டுக்கு வந்துகொண்டிருந்த செம்புக் கம்பியில், பேச்சுக்குத் தேவைப்படாத உயர் அலைவரிசைகளில் தரவை ஏற்றி அனுப்பிய சாமர்த்தியம் அது. புதுக் கம்பி இழுக்காமலேயே லட்சக்கணக்கான வீடுகளுக்கு இணையம் போனது அப்படித்தான். ஆனால், தூரம் கூடக் கூட உயர் அலைவரிசை நலிந்துபோகும். ஏடிஎஸ்எல்2+ காகிதத்தில் 24 மெகாபிட்; தொலைபேசி நிலையத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு அதில் சிறு பங்குதான் கிடைத்தது.

குடிநீர்க் குழாய்க்கும் வடிகாலுக்கும் சாலையைத் தோண்டினால் நிலத்தடி கேபிள் அறுபடும். மழை பெய்தால் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி லைன் கரகரக்கும். அதைச் சரிசெய்ய ஆளும் குறைந்தார்கள். 2020 ஜனவரி இறுதியில் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினர். 2019இல் வீட்டு ஃபைபர் சேவையைத் தொடங்கிய ஜியோ, 2021 நவம்பரில் கம்பிவழி அகலக்கற்றையில் பிஎஸ்என்எல்லை முந்தியதாகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புள்ளிவிவரம் காட்டியது.

கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி

ஜியோ வருவதற்கு வெகு முன்பே பெங்களூர்த் தெருக்களில் பிஎஸ்என்எல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டவர் கேபிள் டிவி ஆபரேட்டர். எந்த வீட்டு மொட்டை மாடியில் கம்பி கட்ட விடுவார்கள், எந்தக் கம்பத்தில் பெட்டி மாட்டலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புகார் சொன்னால் அன்று மாலையே பைக்கில் ஆள் வருவார். கேபிள் டிவியிலிருந்து வளர்ந்த, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏசிடி போன்ற நிறுவனங்கள் இந்தத் தெருவறிவின் அருமையை உணர்ந்தவை.

இந்த இணைப்பு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். பல பகுதிகளில் ஒளியிழை தெருமுனையோடு, அல்லது கட்டடத்தின் அடியோடு நின்றுவிடும். அங்கே ஒரு தகரப் பெட்டி; உள்ளே ஒரு சுவிட்ச், ஒரு சிறிய யுபிஎஸ். பெட்டியிலிருந்து வீட்டுக்கு வருவது அலுவலக மேசைக்கடியில் கிடக்கும் அதே சாதாரண லான் கேபிள்தான். அது 100 மீட்டர் வரைக்கும்தான் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமானால் நடுவில் இன்னொரு சுவிட்ச். இப்படியே கம்பத்திலிருந்து புங்கமரக் கிளைக்கும், கிளையிலிருந்து மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் தாவித் தாவி இணையம் வீட்டுக்குள் வருகிறது.

மின்தடை வரும்போது வித்தியாசம் தெரியும். தொலைபேசி நிலையத்தில் பேட்டரியும் ஜெனரேட்டரும் உண்டு. வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் கரண்ட் போனாலும் டிஎஸ்எல் ஓடிக்கொண்டிருக்கும். தெருப் பெட்டியின் பேட்டரி தேய்ந்துவிட்டால், வீட்டு இன்வர்ட்டரால் ஒரு பயனும் இல்லை. வீடு வரை ஒளியிழையே வரும் இணைப்புகளில் பொதுவாக நடுவழியில் மின்சாரம் தேவைப்படும் கருவி கிடையாது என்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், கோடை மழையில் கிளை முறிந்து விழுந்தால், மரத்தில் தொங்கும் எல்லாக் கம்பிக்கும் ஒரே கதிதான்.

திறக்கப்படாத கதவு

ஒரே தெருவில் ஐந்தாறு நிறுவனங்களின் கம்பிகள் ஏன் தனித்தனியே தொங்க வேண்டும்? 2004 ஏப்ரலில் டிராய் அளித்த பரிந்துரையில் இதற்கு ஒரு மாற்றுவழி இருந்தது. பொதுப் பணத்தில் போடப்பட்ட செம்புக் கம்பியைப் போட்டி நிறுவனங்களும் வாடகை கொடுத்துப் பயன்படுத்த வழிவிட வேண்டும் என்றது அது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான அகலக்கற்றைக் கொள்கை இதைக் கட்டாயமாக்கவில்லை. நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. கையில் கம்பியை வைத்திருப்பவர் போட்டியாளருக்கு அதை ஏன் தரப்போகிறார்? 2010க்குள் 2 கோடி இணைப்புகள் என்று அந்தக் கொள்கை வைத்த இலக்கில் பாதியளவே எட்டப்பட்டது.

பிரிட்டனில் 2006இல் பிரிட்டிஷ் டெலிகாமின் கம்பிகளைப் பராமரிக்க ‘ஓப்பன்ரீச்’ என்ற தனிப் பிரிவு உருவாக்கப்பட்டது. அங்கே வீட்டுக்காரர் நிறுவனத்தை மாற்றினாலும் பெரும்பாலும் பழைய கம்பியே தொடரும். இங்கே போட்டிக்கு வருகிறவர் புதுக் கம்பியோடுதான் வர வேண்டும். முறையாகச் சாலையைத் தோண்ட அனுமதியும் கட்டணமும் தேவை. மரத்தில் கட்டுபவர்கள் அவற்றுக்குக் காத்திருப்பதில்லை. அனுமதியின்றித் தொங்கும் கேபிள்களை மாநகராட்சியும் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமும் அவ்வப்போது வெட்டியெறிகின்றன. சில நாட்களில் அவை மீண்டும் ஏறிவிடுகின்றன. இடையில் இணைப்பை இழந்து வீட்டிலிருந்து வேலைபார்க்க முடியாமல் தவிப்பது, மாதக் கட்டணம் ஒழுங்காகச் செலுத்திய வாடிக்கையாளர்.

அடுக்ககங்களில் நிலைமை வேறு மாதிரி. கட்டுமான நிறுவனமோ குடியிருப்போர் சங்கமோ ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால், மற்றவர்களின் கேபிள் வாசலைத் தாண்டாது. இத்தகைய தனியுரிமை ஒப்பந்தங்கள் கூடாது, கட்டடத்துக்குள் உள்ள வசதிகளை எல்லா நிறுவனங்களும் பகிர வேண்டும் என்று 2017 ஜனவரியிலேயே டிராய் பரிந்துரைத்தது. 2024இல் கட்டடங்களுக்கு இணையத் தரத்துக்கான நட்சத்திர மதிப்பீட்டையும் கொண்டுவந்தது. மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது கட்டட உரிமையாளரின் விருப்பம்; அதனால் பூட்டிய வாசல் திறந்துவிடாது. கைபேசியில் 2011 முதல் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுவதும் இருக்கிறது. வீட்டு இணைப்பில் மாறுவது என்றால், துளை போடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

தீர்வு இந்த நகரத்திலேயே இருக்கிறது. ‘டெண்டர்ஷ்யூர்’ திட்டத்தில் விட்டல் மல்லையா சாலை, ரெசிடென்சி சாலை, கன்னிங்காம் சாலை போன்றவை மறுசீரமைக்கப்பட்டபோது, நடைபாதைக்கு அடியில் கேபிள்களுக்கென்றே குழாய்ப் பாதைகள் அமைக்கப்பட்டன. அந்த ஏற்பாடு நகரின் நடுப்பகுதியைத் தாண்டிக் குடியிருப்புத் தெருக்களுக்குப் பரவவில்லை. 2025 செப்டம்பரில் பெங்களூர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. புதிதாகத் தார் போடும் ஒவ்வொரு தெருவிலும் பொதுக் குழாய்ப் பாதை கட்டாயம், அதில் யார் கேட்டாலும் ஒரே வாடகைக்கு இடம் என்ற விதியை ஐந்தும் சேர்ந்து ஏற்றால், மரத்தில் கம்பி கட்டுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது.

சிறு ஆபரேட்டர்கள் அழிந்துவிடுவார்கள் என்ற எதிர்வாதம் இதற்கு எழும். உண்மையில், பாதை பொதுவானால் பெரு நிறுவனத்தோடு சமமாகப் போட்டிபோட முடிகிறவர் சிறு ஆபரேட்டர்தான். சாலையைத் தானே தோண்டுகிற பணபலம் அவரிடம் இல்லை. அன்றைக்கே வந்து பழுதுபார்க்கும் சேவை இருக்கிறது.

அடுக்ககங்களைப் பொறுத்தவரை, டிராயின் 2017 பரிந்துரையை மத்திய அரசு கட்டாய விதியாக்க வேண்டும். கட்டடத்துக்குள் ஓடும் ஒளியிழை, தண்ணீர்க் குழாயைப் போல அந்தக் கட்டடத்தின் சொத்தாக இருக்கட்டும். நிறுவனங்கள் வாசல் வரை வந்து அதில் இணைந்துகொள்ளட்டும். செம்பு போய் ஒளியிழை வந்துவிட்டது. 2004இல் செம்புக் கம்பிக்குச் செய்யத் தவறியதை ஒளியிழைக்கும் செய்யாவிட்டால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் யாருடைய இணையம் வேண்டும் என்பதை வீட்டுக்காரருக்குப் பதில் வேறு யாரோதான் முடிவுசெய்வார்கள்.