சேதனத்தின் பெயரைக் கெடுத்தவர்கள்

சேதன விவசாயம் என்ற சொல் காதில் விழுந்தாலே அம்பாறைக் கரையோரத்து வெள்ளாண்மைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதே சொல், அறுகம்பேக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டாரின் தட்டுக்குப் போகும்போது நல்ல விலை பெறுகிறது. விளைவிப்பவனுக்குக் கசப்பு, விருந்தாளிக்கு இனிப்பு. இந்த விந்தையை உண்டாக்கியது மண்ணல்ல, கொழும்பு.

2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச அளித்த வாக்குறுதி, பத்தாண்டுகளில் படிப்படியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்பதே. ஆனால் 2021 மே மாதத்தில் ஒரேயொரு வர்த்தமானி அறிவித்தல், இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. பெரும்போகத்துக்கு விதைத்தவனின் கையில் யூரியாவும் இல்லை, அதற்கு ஈடான சேதனப் பசளையும் இல்லை. சீனாவிலிருந்து கப்பலேறி வந்த 'சேதனப் பசளை'யில் தீங்கு செய்யும் பக்டீரியா இருப்பதாகக் கூறித் திருப்பி அனுப்பினார்கள். பின்னர் அதற்கும் 67 இலட்சம் டொலர் கொடுத்தார்கள்! 2021இல் 51 இலட்சம் மெட்ரிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் விளைச்சல், 2022இல் சுமார் 34 இலட்சமாக வீழ்ந்தது.

இதைக் காட்டி, "பார்த்தீர்களா, சேதனம் சோறு போடாது" என்கிறார்கள் சிலர். இந்த வாதத்தைத்தான் நான் மறுக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடுசெய்ய ஒரு தொன்னுக்கு மேல் எரு வேண்டும். அதுவும் மெதுவாகவே பயிருக்குக் கிடைக்கும். அத்துடன், இன்று வட்டைகளில் விதைக்கப்படும் புதிய இனங்கள் பசளையை நம்பி உருவாக்கப்பட்டவை. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் அல்ல. விதையை மாற்றாமல், எருவைச் சேர்க்காமல், பசளையை மட்டும் பறிப்பது விவசாயமாகுமா? சிக்கிம் மாநிலம் 2003இல் தொடங்கி, 2016இல்தான் முழுச் சேதன மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பதின்மூன்று ஆண்டுகள். இங்கே ஒரு போகம்கூடப் பொறுக்கவில்லை.

எனினும் பழைய வழியே நல்லது என்று திரும்பிவிடவும் முடியாது. 350 ரூபாய்க்கு மூட்டை கொடுத்த மானியக் காலம், அளவுக்கு மீறி இறைக்கும் பழக்கத்தை வளர்த்தது. மிகையான நைதரசன் கபிலநிறத் தத்திக்கு விருந்து. தத்தியை விரட்ட நஞ்சு. அந்த நஞ்சு வடிச்சல் நீரோடு களப்புக்கு. அந்தக் களப்பில் பிடிபடும் இறாலையும் மீனையும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் நம் பிள்ளைகளே உண்கிறார்கள். சேதன உணவால் என்ன நன்மை என்று கேட்போருக்கு இதுவே முதல் விடை: நஞ்சின் எச்சம் குறையும்.

இரண்டாவது விடையை 2022 சொல்லித் தந்தது. டொலர் தீர்ந்தபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். மைசூர்ப் பருப்பின் விலை கேட்டு மலைத்தோம். சேனையில் விளைந்த கௌபிக்கும் சோளத்துக்கும், முற்றத்து முருங்கைக்கும், கரைவலை மீனுக்கும் எந்த வங்கியிலும் கடன்பத்திரம் திறக்க வேண்டியிருக்கவில்லை. அருகில் விளைவதை உண்பது நாகரிகமல்ல, பாதுகாப்பு.

ஆகவே அரசிடம் கேட்க வேண்டியது தடையல்ல, தயாரிப்பு. நகரக் குப்பையைத் தரமான எருவாக்குங்கள். சூடடித்த வைக்கோலை எரிக்காமல் மண்ணுக்கே திருப்ப உதவுங்கள். மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு பசளையை மட்டும் சிபாரிசு செய்யுங்கள். மாறத் துணியும் விவசாயிக்கு, விளைச்சல் குறையும் முதற் சில போகங்களுக்கு நட்டஈடு கொடுங்கள்.

இவற்றில் ஒன்றையும் செய்யாமல் மீண்டும் ஒருவர் மேடையேறிச் சேதனம் பேசுவாராயின், அவர் நச்சுப் பசளைக் கம்பனிகளுக்கே விளம்பரம் செய்கிறார். ஒரு நல்ல கருத்தைக் கொல்ல எதிரி தேவையில்லை. அவசரக்கார ஆதரவாளன் ஒருவன் போதும்.