புதுத் தொழிலும் பழந் தராசும்

வழக்கில் இல்லாத தொழிலைத் தொடங்குவோனை உலகம் முதலில் நகைக்கும். அவன் வென்றபின் போற்றும். நகையும் புகழும் நமக்குப் பாடமாகா. அவன் சென்ற நெறியே பாடமாவது. அந்நெறியை அறிய நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. வட்டவளையைச் சூழ்ந்த மலைகளிற் படர்ந்த தேயிலையே அதனை உரைக்கும்.

1867ஆம் ஆண்டில் இந்நாட்டிற் கோப்பி கொழித்திருந்தது. அக்காலத்தே ஜேம்ஸ் டெயிலர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழுந்தை விறாந்தையில் மேசைமேலிட்டுக் கையால் உருட்டி, களிமண் அடுப்பின் கரித்தணலில் உலர்த்தினார். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பற்றியது. நாளடைவில் அப்பயிர் வீழ்ந்தது. பழைய தொழில் ஊதியம் தரும்போதே புதியதைச் சிறிய அளவிற் சோதித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 19 ஏக்கர் பொய்த்திருப்பின் இழப்புச் சிறிது. பலித்தமையால் ஒரு நாடே பிழைத்தது.

1890இல் இங்கு வந்த தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகர். பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்ற பண்டத்தை அவர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனப் பொதிகளாக்கி விற்றார். எளியோர் வாங்கத்தக்க அளவும், ஐயமற்ற நிறையுமே அவர் கண்ட புதுமை.

1980களில் மெரில் ஜே. பெர்னாண்டோ, தம் மைந்தர் இருவர் பெயரை இணைத்து ‘டில்மா’ எனப் பெயரிட்டு, இந்நாட்டிலேயே பொதிசெய்த தேயிலையை ஆஸ்திரேலியாவில் விற்கத் தொடங்கினார். மொத்தமாக அனுப்பிப் பிறர் பெயரில் விலைபோகவிடாது, விளைந்த நாட்டின் பெயரையே முன்னிறுத்தினார்.

ஆகவே, புதுமை என்பது விந்தைப் பொருளைத் தேடுதலன்று. கண்முன் உள்ளதை வேறு கண்ணாற் காண்டலே.

எனினும், இவ்வரலாறுகளில் கூடை சுமந்தோர் பெயர் யாண்டும் இல்லை. அவர்தம் மக்கள் பலர் பள்ளி நீங்கியதும் கொழும்புக் கடைகளுக்கு ஏவலராய்ச் செல்கின்றனர். கொழுந்தின் பதத்தைக் கையாலறிந்த குடியிற் பிறந்தோர், பொதியும் பெயரும் விலையும் அமைக்கும் கலையைக் கற்றலாகாதோ? தனியே இயலாதாயின் பத்துப் பேர் கூடிச் சிறிதாய்த் தொடங்குக.

அங்ஙனம் தொடங்குவார்க்கு ஒன்று கூறுவேன். வாங்குவோனுக்கு உறுதிசெய்யும் நிறையைக் கொழுந்து நிறுக்குமிடத்தும் உறுதிசெய்க. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களின் கணக்கை மலைநாட்டார் நன்கறிவர். பறித்தவள் கண்முன் முள் நேர்நிற்கும் தராசு ஒன்றை நாட்டுவோன் எவனோ, அவனே இம்மலை வேண்டிநிற்கும் புதுத் தொழிலாளன்.