வாய் திறந்தவள் வெளியே. கை நீட்டியவன் உள்ளே!

சென்னை மூலக்கொத்தளத்து இடுகாட்டில், முதல் இந்தியெதிர்ப்புப் போரில் உயிரீந்த நடராசனும் தாளமுத்துவும் துயில்கின்றனர். சிறைப்பட்ட நடராசன் நோயுற்று மருத்துவமனையிற் கிடந்தபொழுது, மன்னிப்பு எழுதித் தந்தால் விடுதலை உண்டு என்று கூறப்பட்டது. அவ் இளைஞர் எழுத மறுத்தார்; 1939-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் உயிர் நீத்தார். கேட்கப்பட்டது ஒரே ஒரு தாளில் ஒரே ஒரு கையெழுத்து. அக் கையெழுத்து விலைக்குக் கிடைக்கவில்லை.

அவ் இடுகாட்டைச் சூழ்ந்த தெருக்களிலிருந்து நாள்தோறும் விடியலிற் பெண்கள் வேலைக்குப் புறப்படுகின்றனர். ஆயத்த ஆடைக் கூடங்களுக்கும், கொள்கலக் கிடங்குகளுக்கும், மீன் பதப்படுத்தும் கொட்டகைகளுக்கும், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தொழிலகங்களுக்கும் செல்லும் அவர்களுள் ஒருத்தியை எண்ணிப் பார்க்க. கண்காணி ஒருவன் அவள்மேல் கை வைக்கின்றான், இழிசொல் வீசுகின்றான், இரவில் செல்பேசியில் தகாத செய்தி விடுக்கின்றான். பல நாள் பொறுத்தவள், ஒருநாள் மேலாளரிடம் சென்று முறையிடுகின்றாள். பத்து நாள் ஒன்றும் நிகழவில்லை. பதினொன்றாம் நாள் முதல் அவள் வேலையில் திடீரெனக் குறைகள் முளைக்கின்றன. நேற்றுவரை நன்றாயிருந்த தையல் இன்று கோணலாகின்றது. நேற்றுவரை கணக்கில் வராத ஐந்து நிமையக் காலத்தாழ்ச்சி இன்று பெருங்குற்றமாகின்றது. ஒரு மாலை, "நாளை முதல் வரவேண்டா" என்று சொல்லப்படுகின்றது. கூடவே ஒரு தாள் நீட்டப்படுகின்றது. தன் விருப்பத்தின்பேரில் தானே விலகிக்கொள்வதாக அதில் எழுதியிருக்கின்றது. கையெழுத்திட்டால் நிலுவைக் கூலி உடனே கிடைக்கும். இல்லையேல் அலைய வேண்டும்.

அத் தாளோடு அவள் வீடு திரும்புகின்றாள். அன்றிரவு அவ் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இந் நீக்கத்தை எதிர்ப்பதா, விட்டு விலகுவதா?

ஊர் கூறும் அறிவுரை

ஊர் கூறும் அறிவுரை எல்லார்க்கும் தெரிந்ததே. "வழக்கென்று போனால் பெயர் கெடும், தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது, முதலாளியோடு மோதி வென்றவர் யார்? கை காலிருக்கிறது, வேறு வேலை பார்" என்பர். இவ் அறிவுரையைக் கோழைத்தனம் என்று எள்ளிவிடுதல் எளிது. அடுப்பெரிய வேண்டிய வீட்டில் அது கோழைத்தனமன்று, பட்டறிவு. வாடகை நாளும் கடைக்காரன் கணக்கும் தீர்ப்பு வரும்வரை காத்திரா.

ஆயினும் அவ் அறிவுரையில் ஒரு பிழை உள்ளது. கண்காணி செய்த தீங்கு வேறு, வேலை போனது வேறு என்று அது பிரித்துப் பார்க்கின்றது. முன்னதை விழுங்கிவிட்டுப் பின்னதை ஊழென்று கொள் என்கின்றது. உண்மையில் இவை இரண்டல்ல. முதலாவதைச் செய்தவன் துணிந்து செய்தது, இரண்டாவதைச் செய்ய ஆளிருக்கிறது என்ற உறுதியினாலேயே. வாய் திறந்தால் வேலை போகும் என்னும் அச்சந்தான் கை நீட்டுபவனின் காப்பரண். ஒருத்தி வெளியே தள்ளப்பட்டு, அவன் உள்ளேயே நின்றால், அக் கூடத்தில் மீந்திருக்கும் அத்தனை பெண்களுக்கும் அது பொறி முன் ஒட்டிய அறிவிக்கை போன்றது. அதைப் படிக்க எழுத்தறிவு வேண்டியதில்லை.

பெரம்பூர் காட்டிய வழி

மூலக்கொத்தளத்துக்கு மேற்கே சிறிது தொலைவில்தான் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கருநாடக ஆலைகள் இயங்கின. இன்று அவ் ஆலைகள் இல்லை. அங்கு நடந்த போராட்டத்தின் பயன் இருக்கின்றது. வெள்ளை மேலாளர்களின் அடியும் வசவும் தாங்காமல், உணவு இடைவேளையும் போதாமல் நொந்த தொழிலாளர், செல்வபதிச் செட்டியார், இராமானுசலு நாயுடு ஆகியோரிடம் தம் குறைகளைக் கூறினர். அம் முறையீடுகளிலிருந்தே 1918 ஏப்பிரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைமை தாங்கினார், தமிழ்த்தென்றல் திரு.வி.க. தோள் கொடுத்தார்.

குறை கூறியதற்கு முதலாளி தந்த விடை யாது? 1920-இல் ஆலைக் கதவடைப்பு. வாடியா முதலானோர்மேல் இழப்பீட்டு வழக்கு. தொழிலாளர் தம் வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. சென்னை உயர்நயன்மன்றம் தடையாணையிட்டது. வாடியா சங்கத்தினின்று விலகுவது என்னும் விலைகொடுத்தே அவ் வழக்கு முடிந்தது. அன்று பார்த்தவர்க்கு அது தோல்வியேயாகும். ஆயின் அத் தோல்வியின் ஓசை தில்லிவரை கேட்டது. 1921-இல் என்.எம். சோசி நடுவண் சட்டமன்றத்தில் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கான தீர்மானம் கொணர்ந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. தொழிற்பூசலில் ஈடுபட்டதற்காகச் சங்கத்தார்மேல் அத்தகைய இழப்பீட்டு வழக்கு தொடுக்க இயலாதென்று அச் சட்டம் காப்பளித்தது. பெரம்பூரில் அடிபட்டவர் வாய் திறந்திராவிடில், அச் சட்டத்துக்கான தேவை அவ்வளவு விரைவில் எவர்க்கும் புலப்பட்டிராது.

இராசத்தானத்துப் பன்வாரி தேவியின் வரலாறும் இத்தகையதே. குழந்தை மணத்தைத் தடுக்கும் அரசுப் பணியில் இருந்ததற்காக 1992-இல் கொடுமைக்கு ஆளானவர் அவர். 1995-இல் கீழ்மன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. அவர்க்கு உரிய நயன்மை அவர்க்குக் கிட்டவில்லை. ஆனால் அவர் வாய்மூடாமையால் எழுந்த விசாகா வழக்கில் உச்ச நயன்மன்றம் 1997-இல் பணியிட நெறிமுறைகளை வகுத்தது; அவையே 2013-ஆம் ஆண்டுச் சட்டமாக விரிந்தன. இன்று மூலக்கொத்தளத்துப் பெண்ணொருத்தி எழுதும் முறையீட்டுத் தாளில் பன்வாரியின் கண்ணீர் கலந்திருக்கின்றது.

சட்டம் தருவதும் தராததும்

அச் சட்டத்தின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடந்தோறும் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 உருபா வரை தண்டம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களில் உள்ளவர்களும், முதலாளியின்மீதே குறை கூறுபவர்களும் மாவட்டத்திலுள்ள வட்டாரக் குழுவை நாடலாம். மூன்று திங்களுக்குள் முறையிடல் வேண்டும். தக்க கரணியமிருப்பின் மேலும் மூன்று திங்கள் நீட்டிக்கப்படும். குத்தகையாளர் வழி வந்தவளும், பயிலுநளும், நாட்கூலியும் இச் சட்டத்திற்குள் அடங்குவர். "நீ எங்கள் ஆளில்லை, குத்தகைக்காரன் ஆள்" என்று கைவிரிக்க இடமில்லை. வேலைக்கு ஊறு நேருமென அச்சுறுத்துவதும், அத்தகைய நடத்தையோடு சேர்ந்து வரும்பொழுது, பாலியல் துன்புறுத்தலாகும் என்றே அச் சட்டம் கூறுகின்றது. குற்றத்தை மெய்ப்பிக்க இயலாமற் போனதாலேயே முறையீடு பொய்யாகிவிடாது என்றும் தெளிவுறுத்துகின்றது.

ஆனால் அச் சட்டத்தில் ஒரு பெரும் ஓட்டையும் உண்டு. முறையிட்டவளை நீக்கினால் அந் நீக்கம் செல்லாது என்று நேரே கூறும் தனிப் பிரிவு அதில் இல்லை. எனவே நீக்கப்பட்டவள் தொழிற்சட்டத்தின் கதவையும் தட்ட வேண்டியவளாகின்றாள். தனியொருவரின் வேலைநீக்கமும் தொழிற்பூசலே என்று 1965-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்றது. பழிவாங்கும் நோக்கில் நீக்குவது முறையற்ற தொழில் நடைமுறை என்று சட்ட அட்டவணையே கூறுகின்றது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தின்படி, முதலில் தொழிலாளர் துறை இணக்க அலுவலரிடம் முறையிட்டு, 45 நாள் கழிந்தும் தீராவிடில் தீர்ப்பாயத்தை நேரே அணுகலாம். முன்பு இதற்கு நீக்கப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டு இருந்தது, இப்பொழுது இரண்டாண்டே. சட்டங்களைத் தொகுக்கின்றோம் என்றவர்கள் ஏழையின் காலத்தையும் சேர்த்துச் சுருக்கிவிட்டனர்!

மன்றங்கள் எப்பொழுதும் செவிடாயிருப்பதில்லை. பஞ்சாபு–சிந்து வங்கியின் இந்தூர்க் கிளைத் தலைமை அலுவலராயிருந்த ஒரு பெண், அங்கு நடந்த முறைகேடுகளையும் தமக்கு மேலவர் தந்த தொல்லையையும் எழுத்தில் முறையிட்டார். தம் தகுதிக்கு மிகக் கீழ்ப்பட்ட அலுவலர்க்குரிய ஒரு சிற்றூர்க் கிளைக்கு அவர் மாற்றப்பட்டார். அம் மாற்றம் பழிவாங்கலே என்று 2020 பிப்பிரவரியில் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. இந்தூர்க் கிளையிலேயே அவரை ஓராண்டுக்கு அமர்த்தவும், 50,000 உருபா வழக்குச் செலவு தரவும் ஆணையிட்டது. அவர் படித்தவர், அலுவலர், ஆவணங்களைக் கையில் வைத்திருந்தவர். அவரை வெல்லவைத்தவற்றுள் தலையாயது, முறையிட்ட நாளும் மாற்றப்பட்ட நாளும் தாளில் நின்றமையே.

புரியாத மொழியில் ஒரு தாள்

தையற்பொறி முன் அமர்ந்தவளிடம் அத்தகைய தாள் இருப்பதில்லை. அவளுக்கு நீட்டப்படும் தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றது. தமிழ்நாட்டில், தமிழ்ப் பெண்ணை, தமிழ் தெரிந்த மேலாளன் நீக்குகின்றான். அந் நீக்கம் மட்டும் அவளுக்குப் புரியாத மொழியில்! வேலை நிலையாணைகளைத் தொழிலாளரிற் பெரும்பாலார்க்கு விளங்கும் மொழியிலும் எழுதி ஒட்டல் வேண்டும் என்று 1946-ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. எத்தனை ஆலைச் சுவர்கள் அதைத் தமிழிற் கண்டன? தாய்மொழி உரிமை என்பது மேடைப் பேச்சன்று. தன் கழுத்துக்கு வரும் கயிறு எது என்று அறியும் உரிமை அது.

விலகல் தாளில் கையெழுத்திட்ட நொடியில் வழக்கின் தன்மையே மாறிவிடுகின்றது. "நாங்கள் நீக்கவில்லை, அவளே போனாள்" என்று கூற முதலாளிக்கு அத் தாள் ஒன்றே போதும். பின்னர் வற்புறுத்தலை மெய்ப்பிக்கும் சுமை அவள் தலையில் விழும். ஆகவே எதிர்ப்பதா வேண்டாவா என்பதை அன்றிரவே முடிவு செய்ய வேண்டுவதில்லை. கையெழுத்திடாமை ஒன்றே அன்றிரவு செய்ய வேண்டியது. செய்த வேலைக்குரிய கூலி எவர் ஈகையுமன்று; விலகல் தாள் இன்றியும் அது அவளுக்கு உரியது. மறுநாள், தான் முறையிட்ட நாள், கேட்டவர் பெயர், நீக்கப்பட்ட நாள், உடனிருந்தோர் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதி விரைவஞ்சலில் மேலாளர்க்கு விடுத்தல் வேண்டும். படி ஒன்றும் அஞ்சலகச் சீட்டும் தன்னிடம் இருத்தல் வேண்டும். செல்பேசிச் செய்திகளை அழித்தலாகாது. கூலிச் சீட்டு, வருகைப் பதிவு, ஈ.எசு.ஐ. அட்டை இவற்றுள் கிடைத்ததைத் திரட்டிக்கொள்ளல் வேண்டும். இவை செய்து முடித்தபின், அமைதியாக அமர்ந்து எண்ணலாம்.

எவருடைய முடிவு?

எண்ணிப் பார்த்தபின் அவள் வழக்கு வேண்டாவென்று ஒதுங்கினால், அவளைப் பழிப்பதற்கு எவர்க்கும் உரிமையில்லை. பிறருடைய வயிற்றைப் பணயம் வைத்து மறம் பேசுவது மறமன்று. நடராசன் கையெழுத்திட மறுத்தது அவராகவே தேர்ந்த வழி. அதை எவரும் அவர்மேல் ஏற்றவில்லை.

ஆனால் எதிர்ப்பதே நேர்வழி என்பதில் ஐயமில்லை. வேலை திரும்பக் கிடைக்கும் என்பதற்காக மட்டுமன்று. முறையிட்டவள் பொய்யள் என்ற பழி தாளில் நிலைத்துவிடாமல் இருப்பதற்காக. அடுத்த பெண் வாய் திறக்கும்பொழுது, முன்னொருத்தியும் திறந்தாள் என்னும் சான்று இருப்பதற்காக. அவ் வழியில் அவள் நடக்க வேண்டுமானால், வழக்கு நடக்கும் காலத்தில் அவள் வீட்டு உலை கொதித்தல் வேண்டும். அது அவள் ஒருத்தியின் பொறுப்பன்று. உடன் தைத்தவள் "ஆம், பார்த்தேன்" என்று குழுவின் முன் சொல்லுதல் வேண்டும். தொழிற்சங்கம், கூலி உயர்வுக்கு மட்டும் கொடியேற்றாமல் இதற்கும் ஏற்றுதல் வேண்டும். வீட்டு ஆண்கள், "உனக்கேன் இந்த வம்பு" என்பதை விடுத்து, "நாளை உசாவலுக்கு நானும் வருகிறேன்" எனல் வேண்டும். இவை அமைந்தால் அவள் முடிவு எளிதாகும். இவை அமையாவிடில், அவள் ஒதுங்கியது அவள் தோல்வியன்று. சூழ இருந்தோர் தோல்வி.

மூலக்கொத்தளத்து நினைவிடத்தில் ஆண்டுதோறும் மாலை சூட்டப்படுகின்றது. அது நன்று. மாலை சூட்டித் திரும்பும் வழியில், அதே தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் கையெழுத்திடாத தாளோடு ஒருத்தி அமர்ந்திருக்கக் கூடும். அவளருகில் சென்று அமர்ந்து, அத் தாளை வாங்கிப் படித்து, அதன் பொருளைத் தமிழில் அவளுக்குச் சொல்லும் ஒருவரேனும் வேண்டும்.