அமெரிக்கா போகிறீர்களா? இன்ஸ்டகிராம் பெயரையும் கேட்கலாம்

விமானச் சீட்டு வாங்கியாச்சு. ஹோட்டலும் போட்டாச்சு. லாஸ் ஏஞ்சலிஸ் கிளம்ப மீதி இருப்பது ஒரே ஒரு வேலை. 'எஸ்டா' எனும் இணையவழிப் பயண அனுமதி. காப்பி குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம்.

அந்தப் படிவம் நீளப் போகலாம்.

அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை 2025 டிசம்பர் 10ஆம் தேதி ஒரு முன்மொழிவை வெளியிட்டது. எஸ்டாவுக்கு விண்ணப்பிப்போர் கடந்த 5 ஆண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும் என்கிறது அது. கருத்துத் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு 60 நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது.

இந்தக் கேள்வி புதுசா? இல்லை. 2016 டிசம்பரிலிருந்தே எஸ்டா படிவத்தில் இருக்கிறது. விருப்பம் இருந்தால் எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் விசா கேட்போருக்கு 2019ஆம் ஆண்டிலேயே அது கட்டாயமாகிவிட்டது. விசா இல்லாமல் 90 நாள் வரை தங்க அமெரிக்கா அனுமதிக்கும் 42 நாடுகளில் சிங்கப்பூர் உண்டு, மலேசியா இல்லை. அதனால் ஜொகூரில் இருக்கும் உங்கள் அத்தை மகன் பல ஆண்டாக எழுதிக்கொடுக்கும் விவரத்தை இனி நீங்களும் கொடுக்கவேண்டி வரலாம்.

மறைச்சொல்லைக் கேட்கமாட்டார்கள். கணக்கின் பெயர் மட்டும் போதும். அதை வைத்து, எல்லாரும் பார்க்கக்கூடிய பதிவுகளைப் பார்க்கலாம். மாணவர் விசா கேட்போரிடம் 2025 ஜூனிலிருந்து ஒரு படி மேலே போய், கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி மாற்றிவைக்கச் சொல்கிறார்கள்.

"நான்தான் ஒண்ணும் தப்பா எழுதலையே, எனக்கென்ன?" என்று தோன்றுவது இயல்பு. 2012இல் நடந்த ஒன்றைக் கேளுங்கள். விடுமுறைக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர், அமெரிக்காவை "அழிக்கப்" போவதாக டுவிட்டரில் எழுதியிருந்தார். அவர் ஊர்ப் பேச்சில் அதற்குக் கொண்டாட்டம் போடுவது என்று பொருள். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் அவரையும் தோழியையும் தடுத்து வைத்து, விசாரித்து, வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதியதற்கே இந்தக் கதி. தமிழும் சிங்கிலீஷும் கலந்து நாம் அடிக்கும் கிண்டல் இன்னொரு நாட்டு அதிகாரிக்கு எப்படிப் புரியும்?

பாதுகாப்புக்காகத்தான் இது என்கிறது அமெரிக்கா. நாட்டுக்குள் வருவோரை இன்னும் கடுமையாக ஆராயவேண்டும் என்று அதிபர் டிரம்ப் 2025 ஜனவரியில் ஆணையிட்டார். எந்த நாட்டுக்கும் வருபவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. நாமும்தான் சாங்கியில் முகத்தையும் கருவிழியையும் காட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் முகம் சொல்வது நீங்கள் யார் என்பதை. பதிவுகள் சொல்வது நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதை. இரண்டும் ஒன்றல்ல. எந்தப் பதிவு சிக்கல், எது சிக்கலில்லை என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை என்பதால், விவரம் தெரிந்தவர்கள்கூட வாயை மூடிக்கொள்ளத் தொடங்குவார்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் முன்மொழிவில் இருக்கிறது. 5 ஆண்டில் பயன்படுத்திய தொலைபேசி எண்கள், 10 ஆண்டில் பயன்படுத்திய மின்னஞ்சல் முகவரிகள், போதாக்குறைக்குக் குடும்பத்தாரின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், வசிப்பிடம், தொலைபேசி எண். ஈப்போவைவிட்டு எங்கும் போகாத உங்கள் அம்மாவின் விவரமும் வாஷிங்டனுக்குப் போகும். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கப்போவதில்லை. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது. வெளிநாட்டு அரசாங்கத்தின் படிவத்துக்கு அது எட்டாது. எஸ்டா விவரங்கள் மொத்தம் 15 ஆண்டுவரை வைத்திருக்கப்படலாம். இன்று 20 வயதில் எழுதிக்கொடுப்பவருக்கு அவை அழியும்போது 35 வயது.

விமான நிலையத்தில் திறன்பேசியை வாங்கிப் பார்ப்பது தனிக் கதை. பலர் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் அது அரிது. 2024 செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் சுமார் 47,000 கருவிகள் சோதிக்கப்பட்டன. அமெரிக்காவுக்குள் வந்தோர் 40 கோடிக்கும் மேல். ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. பெரும்பாலானவை அதிகாரி கையாலேயே புரட்டிப் பார்த்தவை. கருவியை இணைத்துத் தகவலை நகலெடுக்கும் சோதனைக்கு நியாயமான சந்தேகமோ தேசியப் பாதுகாப்புக் காரணமோ மேலதிகாரியின் அனுமதியோடு சேர்ந்து இருக்கவேண்டும். எதுவானாலும் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கருவிக்குள் இருப்பதை மட்டுமே பார்க்கவேண்டும் என்பது அத்துறையின் 2018ஆம் ஆண்டு விதி. வாட்ஸ்அப் உரையாடல் கருவிக்குள்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

திறக்க மறுத்தால்? அமெரிக்கக் குடிமகனை உள்ளே விடாமல் இருக்கமுடியாது, கருவியை வைத்துக்கொள்ளலாம். நம்மைப் போன்ற வருகையாளரைத் திருப்பியே அனுப்பிவிடலாம். அமெரிக்கா மட்டும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். நியூசிலந்தில் நியாயமான சந்தேகத்தின் பேரில் மறைச்சொல் கேட்டும் தர மறுத்தால் 5,000 நியூசிலந்து டாலர்வரை அபராதம். 2018இலிருந்து அங்கே அதுதான் சட்டம்.

கிளம்புமுன் என்ன செய்யலாம்? அவசர அவசரமாகக் கணக்குகளை அழிக்கவேண்டாம். 5 ஆண்டுக் கணக்கைக் கேட்டால், அழித்த கணக்கும் அதில் வரும். பழைய பெயர்களைத் தேடிக் குறித்துவையுங்கள். ஒரு பதிவைவிட ஆபத்தானது படிவத்தில் சொல்லும் பொய். உண்மையை வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் நிரந்தரமாகவே நுழையமுடியாமல் போகலாம். எஸ்டா மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. தூதரகத்தில் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கவேண்டும். அலுவலகத் திறன்பேசியோடு போகிறவர்கள் முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதில் இருப்பது உங்கள் இரகசியம் மட்டும் அல்ல.

ஏற்கெனவே எஸ்டா கையில் இருந்தால், அது பொதுவாக 2 ஆண்டு செல்லும். இடையில் கடப்பிதழைப் புதுப்பித்தால் மறுபடி விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் 21 டாலராக இருந்தது, 2025 செப்டம்பர் 30 அன்று 40 அமெரிக்க டாலராக உயர்ந்தது. சீட்டு வாங்குவதற்கு முன்னாலேயே அதிகாரத்துவ இணையப்பக்கத்தைத் திறந்து, அன்றைக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.